இடமிழந்த கலங்கள்

நுழையும்முன்

தம் வரலாற்றை எழுத்தில் எழுதி வைக்காத மக்கள், அதனை வேறு பொருள்களில் விட்டுச் செல்கின்றனர். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டி வாழ்ந்த பண்டை மக்கள் அதனைச் சுடுமண் கலங்களில் விட்டுச் சென்றனர். ஆந்தை, நரி, மான், லாமா, கடற்சிங்கம் என அவர்கள் வனைந்த விலங்குருவக் கலங்கள் இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அக்கலங்களை எவ்வாறு படிப்பது, அவற்றைப் படிக்க இயலாமற் செய்வது எது என்பன பற்றிய கருத்தொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

கண்ணாடிப் பேழைக்குள் ஓர் ஆந்தை

அருங்காட்சியகம் ஒன்றின் கண்ணாடிப் பேழைக்குள் மண்ணாலான ஆந்தை ஒன்று அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு சாண் உயரம். உருண்ட கண்கள், வளைந்த அலகு, மடித்த சிறகுகள். மார்பில் செம்பழுப்பு நிறக் கோடுகள். முதுகிலிருந்து இரு கிளைகளாக எழும் குழல், வளைந்து மேலே ஒன்றுகூடி ஒரே வாயாகிறது. ஆந்தை உருவில் அமைந்த குடுவை அது. அதனருகில் உள்ள சிறு அட்டையில் ‘மோச்சே பண்பாடு, பெரு நாட்டின் வடகடற்கரை’ என்று எழுதப்பட்டிருக்கும். அதற்குமேல் பெரும்பாலும் ஒன்றும் இராது.

பார்ப்பவர் வியப்பர். ‘எத்துணை அழகு! உயிருள்ளது போலவே இருக்கிறதே!’ என்பர். அவ்வியப்பு இயல்பானதே. ஆனால், அவ்வட்டையில் எழுதப்படாத செய்திகள் பல உண்டு. இக்கலம் எந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தது? கோயிலிலா, வீட்டிலா, கல்லறையிலா? கல்லறை எனின் யாருடைய கல்லறை? அவருடைய தலைமாட்டில் இருந்ததா, கையருகில் இருந்ததா? உடன் வேறென்ன கலங்கள் இருந்தன? உள்ளே நீர் இருந்ததா, மதுவா, வெறும் காற்றா? இவ்வினாக்களுக்கு விடை இல்லையெனில் ஆந்தை அழகாக இருக்கிறது என்பதைத் தவிர நாம் சொல்லத்தக்கது சிறிதே.

ஆண்டிஸ் நிலத்தின் விலங்குருவக் கலங்கள் கலைப்பொருள்கள் மட்டும் அல்ல. எழுத்தில்லாத மக்கள் விட்டுச்சென்ற நூலின் பக்கங்கள். அப்பக்கங்களின் பொருளில் பாதி கலத்தில் உள்ளது. மறுபாதி அது கிடந்த இடத்தில் உள்ளது. எனவே, கலத்தை உடைக்காமல் பத்திரமாக எடுத்துவந்தாலும், அது கிடந்த இடத்தைக் குறிக்காமல் எடுப்பவர் அந்நூலைக் கிழித்தவரே ஆவார் என்பது என் கருத்து.

பாலையும் கடலும்

இக்கருத்தை விளங்கிக்கொள்ள முதலில் அந்நிலத்தைக் காண வேண்டும். பெரு நாட்டின் கடற்கரை உலகின் மிக வறண்ட பாலை நிலங்களுள் ஒன்று. கிழக்கே வானளாவிய ஆண்டிஸ் மலை. மேற்கே பசிபிக் பெருங்கடல். இடையே குறுகிய மணற்பரப்பு. மலையில் பிறக்கும் சிற்றாறுகள் அம்மணற்பரப்பைக் கடந்து கடலிற் கலக்கின்றன. ஆறு பாயும் இடம் பசுமையான பள்ளத்தாக்கு. அதனை விட்டு நீங்கினால் வெறும் மணல். மழையோ அரிது. ஆயினும், குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் அக்கடல் மீன்வளம் மிக்கது. சில ஆண்டுகளில் கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமடையும்போது எல் நினோ பெருமழை பெய்து, வாய்க்கால்களையும் வயல்களையும் ஊர்களையும் அழித்துச் செல்லும்.

இத்தகைய நிலத்தில் பள்ளத்தாக்கின் மான், பாலையின் நரி, கரையின் கடற்சிங்கம், மழைக்குப் பின் தோன்றும் தவளை, மலைவழியே சுமைகொண்டு வரும் லாமா, மலைக்கப்பாலுள்ள காட்டின் குரங்கு, ஜாகுவார் ஆகியன மக்களின் வாழ்விலும் வழிபாட்டிலும் கலந்தன. பொ.ஆ.மு. முதலாயிரத்துக்கு முன்பே வடகடற்கரையில் விலங்கு உருவக் கலங்கள் தோன்றிவிட்டன. பொ.ஆ. 100 முதல் 800 வரை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் அப்பகுதியில் செழித்த மோச்சே பண்பாட்டில் அக்கலை உச்சத்தை அடைந்தது. தென்கடற்கரையில் நாஸ்கா மக்கள் பல வண்ணக் கலங்களில் ஓசனிச்சிட்டையும் கொலைத்திமிங்கிலத்தையும் தீட்டினர். பின்னர் வந்த வாரி, சிமூ, இன்கா மக்களும் இம்மரபைத் தத்தம் வழியில் தொடர்ந்தனர்.

இவர்களுள் எவரிடமும் நாம் அறிந்த வகையிலான எழுத்து இல்லை. இன்கா ஆட்சியாளர்கள் ‘கீப்பு’ எனப்படும் முடிச்சுக் கயிறுகளால் கணக்குகளைக் குறித்து வைத்தனர். மோச்சே மக்களின் அரசர் பெயரையோ, தெய்வத்தின் பெயரையோ, தம்மை அவர்கள் எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என்பதையோ கூறும் ஆவணம் ஒன்றும் இல்லை. ‘மோச்சே’ என்பதுகூட ஓர் ஆற்றின், ஊரின் பெயரிலிருந்து பிற்கால ஆய்வாளர்கள் இட்ட பெயரே.

மழையற்ற அம்மணல் ஓர் உதவியைச் செய்தது. தன்னுள் புதைக்கப்பட்ட கலத்தின் வண்ணம் மங்காமலும், துணியின் நூல் இற்றுப்போகாமலும் காத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நூலின் பக்கங்கள் அடுக்குக் குலையாமல் மண்ணுக்குள் இருந்தன.

கையும் அச்சும்

குயவர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது சுழலும் சக்கரம். பண்டை ஆண்டிஸ் குயவர்களிடம் அச்சக்கரம் இல்லை. களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிக் கையால் இழைத்துக் கலம் செய்தனர். மோச்சே குயவர்கள் இதனோடு அச்சுமுறையையும் கைக்கொண்டனர். முதலில் ஓர் உருவத்தைச் செய்து, அதன்மேல் களிமண்ணைப் பொதிந்து, இரு பாதிகளாகப் பிரித்தெடுத்துச் சுட்டால் அச்சு ஆயத்தமாகிவிடும். அவ்விரு பாதிகளிலும் புதிய களிமண்ணை அழுத்தி எடுத்து, பொருத்தி, பொருத்துவாயைத் தேய்த்து மறைத்து, குழலை இணைப்பர். வெண்மை கலந்த மஞ்சள் நிறத்திலும் செம்பழுப்பு நிறத்திலும் களிமண் குழம்பைப் பூசி, மேற்பரப்பை மெருகேற்றிச் சூளையில் இடுவர். ஓர் அச்சில் பல கலங்கள் பிறந்தன. ஆயினும், பூச்சாலும் கைவேலையாலும் ஒன்றற்கொன்று வேறுபாடு காட்டினர்.

சிமூ மக்கள் பெரும்பாலும் கரிய கலங்களை விரும்பினர். சூளைக்குள் காற்றுப் புகாமல் அடைத்துப் புகையில் வேகவைத்ததால் அக்கருமை வாய்த்தது. மெருகேற்றிய பின் அக்கலங்கள் உலோகம் போன்று ஒளிர்ந்தன.

இரு கிளைக் குழல் அமைந்த குடுவைக்குப் பிற்கால ஆய்வாளர்கள் ‘அங்கவடிக் குடுவை’ என்று பெயரிட்டனர். குதிரைமேல் ஏறுவோர் கால் வைக்கும் அங்கவடியைப் போன்று அது தோன்றியதே காரணம். ஸ்பானியர் வரும்வரை குதிரையையே கண்டறியாத மக்களின் கலத்திற்குக் குதிரையேற்றக் கருவியின் பெயர்! வெளியிலிருந்து பார்ப்பவர் தமக்குத் தெரிந்தவற்றைக் கொண்டே தெரியாதவற்றுக்குப் பெயரிடுகின்றனர் என்பதற்கு இது சான்று. இதில் தவறில்லை, ஆனால், பெயரிட்டதாலேயே பொருளை அறிந்துவிட்டோம் என்று எண்ணுவது தவறு.

அக்குயவர்களின் நுண்ணறிவுக்கு மற்றொரு சான்று ஒலிக்கும் குடுவை. இரண்டு கலங்களை ஒரு சிறு குழாய் இணைக்கும். ஒன்றின் மேல் நீர் வார்க்கும் வாய். மற்றொன்றின் மேல் பறவையோ குரங்கோ அமர்ந்திருக்கும். அவ்விலங்கின் தலைக்குள் ஓர் ஊதல் மறைந்திருக்கும். குடுவையில் நீர் நிரப்பி மெல்லச் சாய்த்தால், நீர் ஒரு கலத்திலிருந்து மற்றதற்கு ஓடும். அங்குள்ள காற்றைத் தள்ளும். அக்காற்று ஊதல் வழியே வெளியேற, மண்பறவை சீழ்க்கை ஒலிக்கும். அருங்காட்சியகப் பேழைக்குள் அப்பறவை ஓசையின்றி அமர்ந்திருக்கிறது. அதனை யார், எந்த நாளில், யார் செவி கேட்க ஒலித்தனர் என்பதை வடிவம் மட்டும் சொல்வதில்லை.

விலங்கு, விலங்கு மட்டுமா?

கலத்தின் உருவத்தைப் பார்த்தாலே போதாதா என்ற வினா எழலாம். லாமா என்றால் லாமா; மான் என்றால் மான். இதில் என்ன மறைபொருள்?

மானை எடுத்துக்கொள்வோம். மோச்சே கலங்களில் மான் அடிக்கடி வருகிறது. எனவே, மான் அவர்களின் முதன்மை உணவு என்று ஒருவர் கருதக்கூடும். ஆனால், குடியிருப்புகளை அகழ்ந்தபோது கிடைத்த உணவுக் கழிவுகளில் மானின் எலும்புகள் அரிதாகவே காணப்பட்டன. மீன், நத்தை, சிப்பி, லாமா, கினிப்பன்றி ஆகியவற்றின் எச்சங்களே மிகுதி. கலங்களில் மானை வேட்டையாடுவோர் பசித்த உழவர்களாக இல்லை. அணிகலன்களும் உயர்ந்த தலையணிகளும் பூண்ட மேன்மக்களாக இருக்கின்றனர். சில கலங்களிலோ மான், மனிதன் போல அமர்ந்து, கழுத்தில் கயிறு பூண்டு, போரில் பிடிபட்ட கைதியின் கோலத்தில் காட்சியளிக்கிறது. ஆக, மான் உணவைக் குறிக்கவில்லை; வேட்டை, போர், சிறைப்பிடித்தல் என்பனவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு குறியீடாக நிற்கிறது. இம்முடிவுக்கு வரக் கலம் மட்டும் உதவவில்லை. குப்பைமேட்டில் கிடந்த எலும்பும் உதவியது.

லாமாவைப் பற்றிய செய்தி இதற்கு மாறானது. லாமா உயர்மலை விலங்கு. வறண்ட கடற்கரைக்குச் சுமைகொண்டு வந்துபோவதன்றி அங்கே வாழ்ந்திராது என்று முன்னர்ப் பலரும் கருதினர். வடகடற்கரையில் கிடைத்த எலும்புகளும் சாணமும் ஆராயப்பட்ட பின்னர், அங்கேயே லாமாக்கள் வளர்க்கப்பட்டன என்பது தெரியவந்தது. முதுகில் பொதியுடன் கால்மடக்கி அமர்ந்த லாமா குடுவையைச் செய்த குயவர், தொலைவிலிருந்து வந்த புதுமையைச் செய்யவில்லை. தம் வீட்டருகில் நின்ற விலங்கையே செய்திருத்தல் கூடும்.

ஒரே வகைக் கலங்களைக் கொண்டு, மானில் நாம் நேர்பொருள் கண்டு பிழைபட்டோம். லாமாவில் அயற்பொருள் கண்டு பிழைபட்டோம். இரண்டையும் திருத்தியது மண்ணடுக்கே.

ஆந்தை தந்த விடை

மோச்சே கலங்களில் நுண்கோடுகளால் தீட்டப்பட்ட ஒரு சடங்குக் காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது. கைதிகள் பலியிடப்படுகின்றனர், ஒளிவீசும் அணிகள் பூண்ட தலைவன் ஒருவனுக்குக் கிண்ணம் ஒன்று அளிக்கப்படுகிறது. கிண்ணத்தை ஏந்தி அவன் எதிரில் நிற்பது மனித உடலும் பறவை முகமும் கொண்ட உருவம். ஆந்தையின் கூறுகள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. பெண் உருவம் ஒன்றும் உடன் நிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டோபர் டொன்னன் உலகெங்கும் சிதறிக் கிடந்த மோச்சே கலங்களின் ஒளிப்படங்களைத் திரட்டி, இக்காட்சியின் மாந்தர்களை வகைப்படுத்தினார். ஆயினும், இது தெய்வங்களின் கதையா, மனிதர்கள் நிகழ்த்திய சடங்கா என்ற ஐயம் நீடித்தது. பறவை முகம் கொண்ட மனிதன் உலகில் உண்டா என்ன?

1987 பிப்ரவரியில், வடபெருவின் சிபான் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள பழைய மண்செங்கல் மேட்டைக் கொள்ளையர் சிலர் இரவில் தோண்டினர். செல்வம் மிக்க கல்லறை ஒன்றை உடைத்துப் பொன்னணிகளை அள்ளினர். அவை உடனே பல கைகளுக்கு மாறின. செய்தியறிந்த காவல்துறையினர், லம்பாயேக்கே நகர அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த தொல்லியலாளர் வால்டர் அல்வாவை அழைத்தனர். அவர் அம்மேட்டைவிட்டு அகலாமல் காவலுடன் அகழாய்வைத் தொடங்கினார். கொள்ளையர் கைபடாத கல்லறை ஒன்று வெளிப்பட்டது. பொன், வெள்ளி, செம்பு அணிகளுடன் கிடந்த அத்தலைவனைச் ‘சிபான் பெருமகன்’ என்று இன்று உலகம் அறியும். அவன் பூண்டிருந்த அணிகள், கலங்களில் கிண்ணம் பெறும் தலைவனின் அணிகளோடு ஒத்திருந்தன.

அதனைத் தொடர்ந்து அதே மேட்டில் மற்றொரு கல்லறை திறக்கப்பட்டது. அதில் கிடந்தவரின் தலையணியில் சிறகு விரித்த ஆந்தை இருந்தது. கையருகே ஒரு செம்புக் கிண்ணம் இருந்தது. கலங்களில் கிண்ணம் ஏந்தி நின்ற பறவை உருவத்தின் இடத்தில் ஒரு மனிதர்! பின்னர், 1991இல் சான் ஹோசே தே மோரோ என்னும் இடத்தில் அகழப்பட்ட பெண்ணின் கல்லறை, அக்காட்சியின் பெண் உருவத்தோடு ஒத்திருந்தது. மோச்சே நகரின் நிலாக்கோயிலில் பின்னர் நடந்த அகழாய்வில், பலியிடப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட ஆடவரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் பலர் பெருமழையால் உண்டான சேற்றுக்குள் கிடந்தனர். கலத்தில் தீட்டப்பட்டது கற்பனைக் கதை மட்டும் அன்று. மனிதர்கள் அப்பாத்திரங்களை ஏற்று நிகழ்த்திய கொடிய சடங்கு என்பது தெளிவாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொள்ளையர் அக்கல்லறையை முதலில் அடைந்திருந்தால் ஆந்தைத் தலையணி ஒரு நாட்டிற்கும், செம்புக் கிண்ணம் வேறொரு நாட்டிற்கும் சென்றிருக்கும். இரண்டும் பத்திரமாகவே இருந்திருக்கும். இரண்டையும் மக்கள் வியந்திருப்பர். ஆனால், அவை இரண்டும் ஒரே மனிதருக்கு உரியவை என்பதை எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். பேழைக்குள் இருக்கும் மண் ஆந்தையும் வெறும் பறவையாகவே எஞ்சியிருக்கும்.

உடைந்தவையும் பேசும்

முழுமையான கலத்தையே சந்தை விரும்புகிறது, உடைந்ததை ஒதுக்குகிறது. ஆனால், வரலாறு சிலவேளைகளில் உடைசலில்தான் தங்கியிருக்கிறது. 1927இல் பெரு நாட்டுத் தொல்லியலாளர் ஹூலியோ தெயோ நாஸ்கா பகுதியின் பச்சேக்கோ என்னும் இடத்தில் அகழ்ந்தபோது, வாரி காலத்துப் பெருங்கலங்களின் உடைசல்கள் பெருங்குவியலாகக் கிடைத்தன. அவற்றுள் லாமா உருவப் பெருங்கலங்களும் இருந்தன. அவை தற்செயலாக உடைந்தவை அல்ல. படையலாக வேண்டுமென்றே உடைத்துப் புதைக்கப்பட்டவை. விலை மதிப்பற்ற கலத்தைச் செய்வதும் அதனை உடைப்பதும் ஒரே வழிபாட்டின் இரு பகுதிகளாக இருந்தன. உடைசல்களைத் தூக்கி எறிந்துவிட்டு முழுக்கலத்தை மட்டும் தேடுபவருக்கு இச்செய்தி கிடைக்கவே கிடைக்காது.

இடம் தெரியாத கலம் எத்துணைக் காலம் பேசாதிருக்கும் என்பதற்கு நாஸ்கா கலங்களே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அப்பல வண்ணக் கலங்கள் சில இருந்தன. அவை பெருவின் எப்பகுதியைச் சார்ந்தவை என்பது தெளிவாகத் தெரியவில்லை. அவற்றின் பிறப்பிடத்தைத் தேடிப் புறப்பட்ட ஜெர்மானிய ஆய்வாளர் மேக்ஸ் ஊலே, 1901இல் இக்கா பள்ளத்தாக்கில் அத்தகைய கலங்களைக் கல்லறைகளில் நேரில் கண்டார். அதன் பின்னரே அவை ஒரு நிலத்துக்கும் ஒரு மக்களுக்கும் உரியவையாயின.

மறுதரப்பு

இக்கருத்துக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

முதலாவது வாதம்: சேகரித்தவர்கள் இல்லையெனில் இக்கலங்கள் நமக்குக் கிடைத்தே இரா. 1926இல் ரஃபேல் லார்கோ ஓய்லே நிறுவிய லார்கோ அருங்காட்சியகம் இன்று லிமா நகரில் பல்லாயிரம் கலங்களைக் காத்து வருகிறது. அதன் வைப்பறைகளையும் மக்கள் பார்க்கலாம். குடுவைக் குழலின் வடிவ மாற்றத்தைக் கொண்டு மோச்சே காலத்தை ஐந்து கட்டங்களாக லார்கோ பகுத்தது, பெருந்தொகுதி ஒன்றைக் கண்முன் வைத்து ஒப்பிட்டதால் இயன்றது. டொன்னன் திரட்டிய ஒளிப்படங்களுள் பல, இடம் அறியப்படாத கலங்களுடையவையே. அவை இல்லையெனில் சிபானின் ஆந்தைத் தலையணியை யாரும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், நிகழ்ந்தது என்ன என்று பார்க்க வேண்டும். சேகரிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான கலங்கள் பல ஆண்டுகளாக எழுப்பிய வினாவுக்குக் குலையாத சில கல்லறைகள் விடையளித்தன. தொகுதிகள் சொற்களைத் தந்தன. கல்லறை அச்சொற்களைத் தொடராக்கியது. ஏற்கெனவே வெளிவந்த கலங்களைப் பாதுகாத்து ஆராய்வது வேறு. இன்னும் மண்ணுக்குள் இருப்பவற்றை விலைக்காகப் பறிப்பது வேறு. முன்னதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம் என்பதால் பின்னது நியாயமாகிவிடாது.

இரண்டாவது வாதம்: தோண்டுபவர் ஏழைகள், அவர்களைக் குற்றம் சொல்லலாமா? இவ்வினாவை எளிதாகக் கடந்துவிட இயலாது. கெச்சுவா மொழியில் ‘வாக்கா’ என்பது புனிதமான இடத்தையும் பொருளையும் குறிக்கும். அச்சொல்லிலிருந்தே கல்லறைத் திருடரைக் குறிக்கும் ‘வாக்கேரோ’ என்ற சொல் பிறந்தது. அவர்களுள் பலர் வேலையற்ற கரும்புத் தோட்டக் கூலிகள், சிறுநிலம் வைத்திருப்போர். மண்ணுக்கடியில் கிடப்பது தம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் எனவும், அதன்மேல் தமக்கே உரிமை எனவும் அவர்கள் கருதினர். சிபானில் அல்வாவுக்கு எதிராக ஊர்மக்கள் சினந்து நின்றதற்கும் அவ்வெண்ணமே காரணம்.

ஆனால், கலத்தின் விலையில் பெரும்பகுதி தோண்டியவருக்குச் சேர்வதில்லை. இடைத்தரகரும் வணிகரும் கடந்து, தொலைநாட்டுச் செல்வரின் வரவேற்பறையை அடையும்போதே அதன் விலை உயர்கிறது. எனவே, முதற்குற்றம் மண்வெட்டி பிடித்தவருடையது அன்று, ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேளாமல் பணம் கொடுத்தவருடையது. வாங்குவோர் இல்லையெனில் இரவில் தோண்டுவோரும் இரார். சிபானின் பொருள்களைக் காட்சிப்படுத்த 2002இல் லம்பாயேக்கேயில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தை நாடிப் பயணிகள் வருகின்றனர். ஒரு முறை விற்றால் தீர்ந்துபோகும் பொருள், இருக்குமிடத்தில் இருந்தால் ஊருக்குத் தொடர்ந்து பயன்தரும் என்பதை அது காட்டுகிறது.

மூன்றாவது வாதம்: அறிவியல் வளர்ந்துவிட்டது, கலத்தை ஆராய்ந்தே அனைத்தையும் அறியலாம். வெப்ப ஒளிர்வு ஆய்வு, கலம் எப்போது சூளையில் சுடப்பட்டது என்பதை ஏறத்தாழக் கூறும். களிமண்ணின் கூறுகளை ஆராய்ந்தால் மண் எப்பகுதியினது என்று கணிக்கலாம். கலத்தின் உட்புறத்தில் ஒட்டிய எச்சத்தைக் கொண்டு அதில் மக்காச்சோள மது இருந்ததா என்றும் அறியலாம். ஆனால், விற்பனைக்காகக் கழுவித் துடைக்கப்பட்ட கலத்தில் அந்த எச்சம் அழிந்துபோகும். எந்தக் கருவியும் கலம் யாருடைய கையருகே இருந்தது என்பதைச் சொல்லாது. அதுமட்டுமன்று, இடம் கேட்கப்படாத சந்தையில் போலிகள் எளிதில் நுழைகின்றன. பழைய முறையிலேயே அச்சில் அழுத்தி, பழமைத் தோற்றம் ஏற்றி விற்கப்படும் கலங்கள் வல்லுநரையும் மயக்கியுள்ளன. போலியின் உருவத்தைக் கொண்டு ஒரு மக்களின் சமயத்தை விளக்க முற்படுவது எத்துணைப் பெரும் பிழை!

கேட்க வேண்டிய வினா

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பழங்கால நினைவுச் சின்னங்கள் அரசுக்கு உரியவை என்று பெரு நாடு 1929இலேயே சட்டம் இயற்றியது. பண்பாட்டுச் செல்வங்களின் சட்டப்புறம்பான வணிகத்தைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ உடன்படிக்கை உருவாயிற்று. சிபான் பகுதித் தொல்பொருள்களைத் தன் நாட்டிற்குள் கொண்டுவர 1990இல் அமெரிக்க அரசு தடை விதித்தது. சிபான் மேட்டில் கொள்ளைபோன பொன்னணி ஒன்று 1997இல் அந்நாட்டில் கைப்பற்றப்பட்டுப் பெருவுக்குத் திரும்பியது. அணி திரும்பியது, ஆனால், அது கல்லறையில் எவ்விடத்தில், எதன் அருகில் இருந்தது என்ற செய்தி திரும்பவில்லை. அது இனியும் திரும்பாது. பொருளை மீட்கலாம், இடத்தை மீட்க இயலாது. சட்டத்தால் ஆகாத இவ்விழப்பை மக்களின் அறிவுதான் தடுக்க வேண்டும்.

அருங்காட்சியகத்துக்குச் செல்பவர் அனைவரும் தொல்லியலாளர் ஆக வேண்டியதில்லை. ஆனால், ஒரு பழக்கத்தை அனைவரும் கைக்கொள்ளலாம். அழகிய பொருள் ஒன்றைக் காணும்போது ‘இது என்ன? எவ்வளவு பழமையானது? எவ்வளவு விலை பெறும்?’ என்ற வினாக்களோடு நின்றுவிடாமல், ‘இது எங்கே, எதனோடு கிடந்தது?’ என்றும் கேட்கலாம். அட்டையில் அதற்கு விடை இருப்பின் அப்பொருளைப் பாடுபட்டு அகழ்ந்தவருக்கு நன்றி கூறலாம். விடை இல்லையெனில், நாம் காண்பது நூலிலிருந்து கிழிக்கப்பட்ட ஒரு பக்கம் என்பதை உணரலாம்.

கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்திருக்கும் மண் ஆந்தையை வனைந்தவர் தம் பெயரை எழுதிவைக்கவில்லை. எழுதும் வழக்கமும் அவரிடம் இல்லை. அவர் அச்சில் அழுத்தி, வண்ணம் பூசி, சூளையில் சுட்டுத் தந்த கலத்தை, அவர் மக்கள் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஒருவரின் அருகில் வைத்து மண்ணால் மூடினர். வைத்த இடமும் அவர்கள் சொல்ல விரும்பியதன் ஒரு பகுதி. பெருவின் மணலுக்கடியில் அவ்வாறு வைக்கப்பட்ட கலங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை அடுத்து அடைவது அளவுகோலும் குறிப்பேடும் ஏந்திய கைகளா, இரவில் மண்வெட்டி ஏந்திய கைகளா என்பதைப் பொறுத்தே அம்மக்களைப் பற்றி நாம் இனி அறியப்போவது அமையும்.